அவர் தூங்கும்போது படகு யாருடையது?

திருமுக்கூடல் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு வருஷம் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்ற ஆசைப்படுகிறீர்கள். எந்தப் படகு, எந்தத் தீவு, எந்த மாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் நடுவில், "ஓட்டுவதை அவர் கற்றுக்கொள்வார், சமையலையும் சாமானையும் நான் பார்த்துக்கொள்வேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமான் சுமார் 1,350 கிலோமீட்டர். சிறிய பாய்மரப் படகு ஒரு நாளைக்கு 220 கிலோமீட்டர் போனால் நல்ல ஓட்டம். அப்படியானால் ஆறு பகல், ஆறு இரவு. நடுவில் நங்கூரம் போட முடியாது, ஆழம் மூன்று கிலோமீட்டர் வரை போகிறது. படகு ராத்திரியும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டே பேர் போகும் படகில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூக்கம். ஆக, பயணத்தில் பாதி நேரம் அந்தப் படகில் விழித்திருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். இரவு இரண்டு மணிக்கு மேகம் திரண்டு காற்று திடீரென்று ஏறினால், பாயைச் சுருக்க வேண்டியதும் நீங்கள்தான்.

வணிகக் கப்பலில் இரவுக் காவல் நின்றவன் நான். மணிக்கு இருபது கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல் அடிவானத்தில் தலை காட்டிய பிறகு உங்களை எட்ட இருபது நிமிஷம் போதும். அலை அதிகமான இரவில் சிறிய படகு கப்பலின் ரேடாரில் தெரியாமலே போகலாம். அதனால்தான் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, எழுந்து நின்று நாலா பக்கமும் பார்ப்பார்கள். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயம் இருக்கட்டும். ஆனால் மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது இருக்காது. கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. அவர் கால் தவறிக் கடலில் விழுந்தால் படகில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். மிதவையை வீச வேண்டும், ஜி.பி.எஸ்.ஸில் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும், அவர் தலையிலிருந்து கண்ணை எடுக்காமலே படகைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓட்டத் தெரியாதவரால் இது ஆகாது. இருட்டிய பிறகு பாதுகாப்புப் பட்டையின் கொக்கியைப் படகில் மாட்டாமல் யாரும் வெளியே வரக் கூடாது. பாய்மரம் வரை போக வேண்டுமென்றால் தூங்குகிறவரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் கரையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் கடற்படை அதிகாரிகள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி'யில் இருவர் மட்டுமாக 2024 அக்டோபர் 2 அன்று கோவாவை விட்டுக் கிளம்பினார்கள். நான்கே துறைமுகங்களில் நின்று, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்னையும் தாண்டி, 25,000 கடல்மைலுக்கு மேல் ஓடி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். அதற்கு முன்பே, 2024இன் தொடக்கத்தில், இருவருமாக மொரிஷியஸ் வரை போய்வந்து தங்களைச் சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஓட்ட, அவர் கூடப் போனார் என்று அந்தப் பயணத்தைச் சொல்லவே முடியாது. கணவன் மனைவி உதாரணம் வேண்டுமென்றால் லின், லாரி பார்டியைச் சொல்வேன். 1968இல் கடலில் இறக்கிய 24 அடிப் படகில், இன்ஜினே இல்லாமல், உலகைச் சுற்றியவர்கள். படகின் நீளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்கும் அவர்களே சாட்சி. முப்பதடி ஃபைபர் படகு, பழையதாக இருந்தாலும் போதும்.

இனி தீவு. வரைபடத்தில் அந்தமான் நேர் கிழக்கே இருக்கிறது. ஆனால் தை, மாசியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போக வேண்டும். தாய்லாந்திலிருந்து கிளம்பும் வெளிநாட்டு ஜோடிகளுக்கு அதே காற்று முதுகில். அந்தமான், இலங்கை, மாலத்தீவு என்று சுகமாக வந்துவிடுவார்கள். உங்களுக்கு லட்சத்தீவுதான் முதல் பாடம். கொச்சி போல்காட்டியில் படகுத்துறை இருக்கிறது, கவரத்தி சுமார் 400 கிலோமீட்டர், வாடையை முகத்தில் வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், அது புயல் காலம். தை மாதப் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் உங்கள் ஊருக்கு வந்துபோன பிறகு கிளம்பினால் சரியாக இருக்கும்.

பவளப் பார் சூழ்ந்த தீவுக்குள் நுழைவதுதான் இருவருக்கும் உண்மையான பரீட்சை. சூரியன் உச்சியில், முடிந்தால் முதுகுப் பக்கம் இருக்கும்போது மட்டுமே நுழைய வேண்டும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பார். ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் ஏறி நின்று தண்ணீரின் நிறத்தைப் படிப்பார், மற்றவர் சுக்கானைப் பிடிப்பார். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் பேச்சு கேட்காது, கைதான் பேச வேண்டும். எங்கே போக வேண்டுமோ அந்தத் திசையை மட்டும் காட்டுங்கள். ஆபத்து இருக்கும் பக்கம் கை நீட்டாதீர்கள், சுக்கான் பிடித்தவர் அங்கேயே திருப்பிவிடுவார். ஒரு நாள் நீங்கள் அணியத்தில், மறுநாள் அவர்.

மருந்துப் பெட்டிக்கு உங்கள் ஊரே வழி காட்டும். வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் பதினைந்து படுக்கைகளோடு அங்கே ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை நடந்திருக்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாமே அதில் வெட்டியிருக்கிறது. ஆளும் வேலையும் மருந்தும் முன்கூட்டியே எழுதப்பட்ட அந்த முறையில் உங்கள் பட்டியலையும் போடுங்கள். காயத்துக்குத் தையல் போட ஒருவர் மட்டும் கற்றால் போதாது. காயம் அவருக்கே பட்டால்?

பாலாற்றைத் தாண்டினால் பழையசீவரம் ரயில் நிலையம். அங்கிருந்து சென்னைக் கடற்கரை ரயிலைப் பிடித்தால் இறங்கும் இடத்துக்கு எதிரே துறைமுகம். அதற்குள்தான் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பயிற்சிக்கு இருவர் பெயரையும் கொடுங்கள். ஒற்றை ஆள் ஓட்டும் சிறு படகுகளில், ஆளுக்கொன்றில், தனித்தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒரே படகில் ஏறவே ஏறாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்