கூடி ஓட்டும் குட்டி இரயில்

காப்பாரில் இரயில் நிலையம் இல்லை. அவ்வூர் மக்கள் இரயிலேற வேண்டுமானால் தெற்கே உள்ள கிள்ளான் நகருக்குச் செல்ல வேண்டும். எனினும், காப்பார் உள்ளிட்ட கிள்ளான் வட்டாரத்தின் வரலாறு இரயிலோடு பின்னிப் பிணைந்தது. சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்போது ஆற்றின் மீது இரயில் பாலம் இல்லை. பயணிகள் ஆற்றைக் கடந்தே கிள்ளானை அடைந்தனர். 1890இல் பாலம் கட்டி முடிக்கப்பட்ட பிறகுதான் இரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது.

இப்பாதைகளை அமைத்ததிலும் இயக்கியதிலும் தமிழர்களின் பங்கு பெரிது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் தண்டவாளம் பதித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுள் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் இரயில்வே குடும்பங்கள் வாழும் இடங்களாக வளர்ந்தன. 1905ஆம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பில் இத்தகைய குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. இன்று அக்குடியிருப்பு இல்லை, இடிக்கப்பட்டுவிட்டது.

மறைந்துபோன ஒரு நிலையத்தையோ ஒரு தெருவையோ மீண்டும் கண்முன் நிறுத்த இயலுமா? இயலும் என்கிறார்கள் மாதிரி இரயில் ஆர்வலர்கள். மேசை மீது தண்டவாளம் பதித்து, நிலையமும் பாலமும் மரங்களும் அமைத்து, குட்டி இரயில்களை ஓட்டுவது உலகின் பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்காகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் புனே நகரிலும் ஜோஷி சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் உள்ளது. ஆனால், இப்பொழுதுபோக்குக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. ஓர் அறையும் சில நண்பர்களும் போதும்.

அளவே முதற்படி

காப்பாரைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள் இத்தகைய தளம் ஒன்றை அமைக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். இருவர் வேலைக்குச் செல்பவர்கள். மற்ற இருவர் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். கோலாலம்பூர் – கிள்ளான் பாதை அதன் தொடக்கக் காலத்தில் இருந்தவாறே, அதாவது ஒற்றைத் தடமாகவே, அமைய வேண்டும் என்பது அவர்களின் விருப்பம்.

முதலில் அவர்கள் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் அளவு 1:87 ஆகும். அதாவது, உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர் மாதிரியில் 1 மில்லிமீட்டராகக் குறையும். 20 மீட்டர் நீளமுள்ள இரயில் பெட்டி 23 சென்டிமீட்டராகும். நிற்கும் மனிதனின் உயரம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். இதைவிடச் சிறிய 1:160 அளவும் உண்டு. இடம் குறைவாக உள்ளவர்கள் அதை நாடுவர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலுள்ள தொலைவை 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 1:87 அளவில் அது ஏறத்தாழ 345 மீட்டர் ஆகிறது. மூன்று காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுக்கினாலும் இடம் போதாது. ஆகவே, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நண்பர்கள் முடிவு செய்ய வேண்டும். கோலாலம்பூர், பத்து தீகா, கிள்ளான் ஆகிய மூன்று நிலையங்களும் ஆற்றுப்பாலமும் போதும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். இடையிலுள்ள காடும் தோட்டமும் ஓரிரு மீட்டரில் அடங்கிவிடும்.

மற்றொரு சிக்கல் தண்டவாளத்தின் அகலம். கடைகளில் கிடைக்கும் 1:87 மாதிரிகளில் பெரும்பாலானவை 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடுபவை. அது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு உரியது. மலேசியத் தீபகற்பத்தின் இரயில் பாதையோ 1,000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் அகலம் கொண்டது. அதற்கு ஏற்றது 12 மில்லிமீட்டர் தண்டவாளமாகும். இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கினால், வண்டி அழகாக இருந்தாலும் அது நம் நாட்டு இரயிலாக இராது.

மேசைக்கு மேலும் கீழும்

அளவு முடிவானதும் வேலை தொடங்குகிறது. மரச்சட்டத்தின் மீது ஒட்டுப்பலகை அடித்துத் தளம் அமைக்கப்படுகிறது. ஓசையைக் குறைக்கத் தண்டவாளத்தின் அடியில் தக்கைத் தகடு ஒட்டப்படுகிறது. ஏற்றம் மிகுந்தால் குட்டி இரயில் திணறும். ஆகவே, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது பலர் பின்பற்றும் கணக்கு. ஒரு பாதையை மற்றொரு பாதைக்கு மேலே 8 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டுமானால், அதற்கு 4 மீட்டர் நீளச் சரிவு தேவை.

தண்டவாளத்தின் இருபுறமும் பொடிக்கற்கள் தூவப்படுகின்றன. வெள்ளைப் பசையில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால், பசை கற்களுக்கு இடையே ஊறிச்சென்று பிடித்துக்கொள்ளும். செம்பனை மரங்களை அமைக்கக் கம்பியும் காகிதமும் போதுமானவை. 12 மீட்டர் உயரமுள்ள செம்பனை, மாதிரியில் 14 சென்டிமீட்டர் உயரம்கூட இராது. ஆனால், இங்கேயும் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தளம் காட்டும் காலத்தில் அப்பகுதியில் செம்பனைத் தோட்டங்கள் இருந்தனவா என்று கேட்காமல் மரம் நடக்கூடாது. இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடி நண்பர்கள் பழைய நிழற்படங்களையும் வரைபடங்களையும் புரட்டுவார்கள். இரயில்வேயில் வேலை செய்த முதியவர்களைத் தேடிச் செல்வார்கள்.

மேசைக்கு அடியில் வேறோர் உலகம் உள்ளது. குட்டி இரயிலுக்குரிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்கிறது. தண்டவாளம் மட்டுமே மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுசென்றால் அதன் வலு குறையும். எனவே, சிறிது தூரத்திற்கு ஒருமுறை அடியிலிருந்து கம்பி இணைக்கப்படுகிறது. நம் நாட்டின் ஈரப்பதம் மற்றோர் எதிரி. அது பலகையை உப்பச் செய்யும். தண்டவாளத்தில் அழுக்குப் படியவும் இடம் கொடுக்கும். அழுக்குப் படிந்தால் மின்தொடர்பு அறுந்து வண்டி நின்றுவிடும். ஆகவே, ஓட்டுவதற்கு முன் தண்டவாளத்தைத் துடைப்பது அன்றாடக் கடமையாகிறது.

இந்தக் கம்பி வேலையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி இரயில் மன்றத்தைத் தொடங்கினார்கள். சிலர் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டுவதில் ஈடுபட்டார்கள். வேறு சிலர் மேசைக்கு அடியில் புகுந்து, தொலைபேசி நிலையக் கருவிகளைக் கொண்டு இரயில்களைக் கட்டுப்படுத்தும் முறையை அமைத்தார்கள். பின்னர் அவர்களுள் பலர் கணினியின் பக்கம் திரும்பினார்கள். 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்னும் முன்னோடிக் கணினி விளையாட்டை உருவாக்கிய ஸ்டீவ் ரசல் அம்மன்றத்தைச் சேர்ந்தவரே.

ஒரு டோக்கன், ஒரு வண்டி

தளம் முடிந்ததும் பலர் செய்யும் தவறு, இரயிலை வட்டமாகச் சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பது. அது சில நாள்களில் சலித்துவிடும். உண்மையான இரயிலைப் போலக் கால அட்டவணை வகுத்து, பொறுப்புகளைப் பகிர்ந்து ஓட்டும்போதுதான் தளம் உயிர் பெறுகிறது. மூன்று நண்பர்கள் நிலைய அதிபர்கள், இருவர் ஓட்டுநர்கள். தனிமரம் தோப்பாகாது என்பது போல, ஒருவரே எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினால் அது இரயில்வே ஆகாது.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் என்ன ஆகும்? 1874இல் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே அதுதான் நடந்தது. வண்டியை அனுப்புவது குறித்து நிலைய அலுவலர் எண்ணியது ஒன்று, தந்தி எழுத்தர் புரிந்துகொண்டது வேறொன்று. இரண்டு இரயில்கள் இருளில் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்தைத் தவிர்க்க எட்வர்ட் டையர் என்பவர் ஒரு கருவியை உருவாக்கினார். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அதைத் திரும்ப வைக்கும்வரை இரண்டு கருவிகளிலிருந்தும் வேறொன்றை எடுக்க இயலாது. வில்லை கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது.

இதே அடிப்படையிலான டோக்கன் முறை மலாயா இரயில் பாதையிலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் 30ஆம் நாள்வரை நிலைய ஊழியரும் இரயில் ஓட்டுநரும் டோக்கனைக் கைமாற்றி வந்தார்கள். வண்டியில் உறங்கும் பயணிகளின் உயிர் அந்தச் சிறு பொருளை நம்பியிருந்தது.

நம் காப்பார் நண்பர்களின் மேசையிலும் டோக்கன் உண்டு. அது வெறும் மரத்துண்டுதான். ஒருநாள் மாலை, கிள்ளானிலிருந்து சரக்கு வண்டி புறப்படுகிறது. பாதி வழியில் தண்டவாள அழுக்கால் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் அதைக் கையில் தூக்கிச் சக்கரங்களைத் துடைக்கிறார். பத்து தீகாவில் பயணி வண்டி காத்திருக்கிறது. அதன் ஓட்டுநராகிய மாணவனுக்குப் பொறுமை இல்லை. கடிகாரம் ஓடுகிறது, அட்டவணைப்படி அவன் இந்நேரம் கிள்ளானை அடைந்திருக்க வேண்டும்.

“ஐயா, சரக்கு வண்டிதான் அண்ணன் கையில் இருக்கிறதே! பாதை காலியாக இருக்கிறது. நான் போகட்டுமா?” என்று கேட்கிறான்.

“டோக்கன் எங்கே, தம்பி?” என்று கேட்கிறார் நிலைய அதிபராகிய ஓய்வு பெற்ற ஆசிரியர்.

டோக்கன் சரக்கு வண்டி ஓட்டுநரின் சட்டைப் பையில் இருக்கிறது.

“நமக்கு இங்கிருந்தே முழுப் பாதையும் தெரிகிறது. அந்தக் காலத்து ஓட்டுநருக்கு என்ன தெரிந்தது? இருட்டும் காடும்தான். அவர் கண்ணை நம்பவில்லை, அடுத்த நிலையத்தில் இருந்தவரை நம்பினார்” என்கிறார் ஆசிரியர்.

மாணவன் கையைக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து எடுத்துவிடுகிறான். அவன் வண்டியை நகர்த்தியிருந்தால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்திராது. ஆயினும், அவன் காத்திருக்கிறான். சரக்கு வண்டி மீண்டும் தண்டவாளம் ஏறி, மெல்ல ஊர்ந்து பத்து தீகாவை அடைகிறது. மரத்துண்டு ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறுகிறது. அதன் பிறகே பயணி வண்டி புறப்படுகிறது.

அழிந்த கட்டடத்தை அட்டையாலும் பசையாலும் மீண்டும் எழுப்பிவிடலாம். அக்கட்டடத்தில் வேலை செய்தவர்களின் ஒழுங்கையும் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையையும் அவ்வாறு ஒட்டி வைக்க இயலாது. அவற்றைப் பலர் கூடி, விதி பிறழாமல் கடைப்பிடித்துத்தான் உணர முடியும். பத்து தீகாவில் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில் மாணவன் அறிந்துகொண்டது அதைத்தான்.