உறைக்குள் உயிர்வளி

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மகப்பேற்றிலோ விபத்திலோ மிகுதியாகக் குருதி இழந்த ஒருவரை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுசெல்லும் ஊர்தி அத்தனை வளைவுகளையும் கடந்தாக வேண்டும். கொடையாகப் பெற்ற சிவப்பணுக்களையோ குளிர்நிலையில் ஏறத்தாழ 42 நாள்களே காக்க இயலும். ஏற்பவரின் குருதிப் பிரிவோடு பொருத்தியும் பார்த்தல் வேண்டும். குளிரூட்டியும் பிரிவுப் பொருத்தமும் வேண்டாத, ஊர்தியிலேயே செலுத்தத்தக்க நீர்மம் ஒன்று கிடைத்தால் எத்தனை உயிர்கள் பிழைக்கும்!

நோயெதிர்த்தல், உறைதல் எனக் குருதியின் பணிகள் பல. ஆய்வாளர்கள் உயிர்வளியைச் சுமக்கும் பணி ஒன்றையே எடுத்துக்கொண்டனர். எனவே, 'செயற்கைக் குருதி' என்னும் பெயர் சற்று மிகையானதே. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு உயிர்வளி மூலக்கூறுகளை ஏற்கும். அதனைச் சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்துச் செலுத்தினாலே போதும் எனத் தோன்றும். பிரிவைக் காட்டும் அடையாளங்கள் சிவப்பணுவின் மேலுறையில் இருப்பதால், உறை நீங்கினால் பொருத்தம் பார்க்கும் தேவையும் நீங்கும்.

இதிலுள்ள இடர் நாமக்கல் வட்டாரத்தார்க்கு எளிதில் விளங்கும். லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற ஊர் அது. கூண்டில்லா லாரியில் ஏற்றிய சுமை வழியெங்கும் சிதறும். உறையிழந்த ஹீமோகுளோபினும் இரு பாதிகளாய்ப் பிளந்து, சிறுநீரகத்துள் புகுந்து அதனைச் சிதைக்கிறது. மேலும், குருதிக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடையும் கவர்ந்துகொள்கிறது. குழாய்கள் சுருங்குகின்றன, குருதியழுத்தம் ஏறுகிறது.

பிளவைத் தடுக்க, மாட்டின் ஹீமோகுளோபினை வேதிமுறையில் பிணைத்து 'ஹீமோப்யூர்' உருவாக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கா 2001இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. எனினும், ஹீமோகுளோபின் வழி மாற்றுகள் மாரடைப்பையும் இறப்பையும் மிகுவிப்பதாக 2008இல் வெளிவந்த தொகுப்பாய்வு எச்சரித்தது. ஃபுளோரின் சேர்மங்களில் உயிர்வளியைக் கரைத்துச் சுமக்கும் 'ஃபுளூசால்' வேறு வழியில் முயன்றது. அமெரிக்காவில் 1989இல் ஒப்புதல் பெற்ற அது, 1994இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நீக்கிய உறையை மீண்டும் கட்டுவதே இன்றைய ஆய்வின் போக்கு. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹீமோகுளோபினைக் கொழுப்புப் படலத்தாலான நுண்பைகளில் அடைக்கின்றனர். பிரிட்டனில், குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த சிவப்பணுக்கள் 2022இல் மனிதருக்குச் செலுத்தப்பட்டன. அவற்றின் அளவு ஓரிரு தேக்கரண்டிதான். காரவள்ளி வளைவுகளில் குருதி வடிய இறங்கும் ஒருவருக்குத் தேவைப்படுவதோ பைகள் கணக்கில்.