ஆஞ்சியோகிராம் என்றால் ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். நெஞ்சைத் திறப்பார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூன்றும் வேறு வேறு. ஆஞ்சியோகிராம் ஒரு பரிசோதனை. மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை இதயம் வரை செலுத்துவார்கள். சாயம் போன்ற மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்தால், அடைப்பு எங்கே, எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நெஞ்சைத் திறப்பதில்லை.

ஆஞ்சியோபிளாஸ்டி என்பது சிகிச்சை. அதே பாதையில் சிறு பலூனை அனுப்பி, அடைப்புள்ள இடத்தில் விரித்து, பெரும்பாலும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையும் பொருத்துவார்கள். இதய ரத்தக்குழாயில் இதை முதன்முதலாக 1977இல் ஜூரிச் நகரில் செய்தவர் டாக்டர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக்.

பைபாஸ்தான் பெரிய அறுவை சிகிச்சை. காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுவழி அமைப்பார்கள்.

அப்பாவின் சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அடைப்பு தெரிந்தால் அப்போதே ஸ்டென்ட் வைப்பீர்களா என்றும் கேளுங்கள். எல்லாம் புரிந்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்கவே வேண்டாம்.