ஒற்றைப் பறவைக்குத் துணை வேண்டுமா?

பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் சகோதரிகள் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பறவையைத் தனியாக வைத்திருப்பது பாவமில்லையா மாமி? இன்னொன்று வாங்கிவிடலாமா?" பந்திக்குப் போகும் அவசரத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமல்ல. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது காக்கடீல். தில்லிப் பறவைக் கடைகளில் இதைக் 'காக்டெயில்' என்றே சொல்வார்கள். என் கணவர் அலுவலகத்தில் "வீட்டில் காக்டெயில் இருக்கிறது" என்று சொல்லப்போக, மாலையில் நண்பர்கள் இருவர் ஆவலோடு வந்து நின்றதும் உண்டு!

இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. காக்கட்டூ குடும்பத்தில் மிகச் சிறியது. வாலோடு சேர்த்து ஓரடி நீளம். அங்கே கூட்டமாகத் தண்ணீரும் விதையும் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணில் படாத தோழனை நோக்கி, இருக்கிறாயா என்று கேட்பது போலக் கூவும். மறுகுரல் வந்தால் அமைதியாகிவிடும். நாம் அடுத்த அறைக்குப் போனதும் அது கத்துவது இதனால்தான். அடம் என்று எண்ணி அதட்டினால், அதட்டலையே மறுகுரலாக எடுத்துக்கொண்டு இன்னும் கத்தும்.

எங்கள் மணிக்குப் பகலெல்லாம் துணையாக இருந்தவர் என் மாமியார். அரிசி பொறுக்கும்போதும் மத்தியானம் கண் அயரும்போதும் கூண்டு அவர் பக்கத்தில்தான். "மணீ, சாப்பிட்டியா?" என்று அவர் இழுத்துக் கேட்பதை அப்படியே அது திருப்பிச் சொல்லும். 2023 ஜனவரியில் அவர் காலமானார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மகன் விடுதியில். பிப்ரவரியில் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்து, "நீங்கள் போனதும் உங்கள் கிளி ஒரு மணி நேரம் கத்துகிறது" என்றார். மார்பில் சிறகைப் பிடுங்கவும் ஆரம்பித்திருந்தது.

அன்றே இன்னொன்று வாங்க நான் புறப்பட்டேன். கணவர்தான் தடுத்தார். முதலில் மருத்துவரிடம் காட்டினோம். சிறகு பிடுங்குவதற்குப் பூச்சி, தோல் நோய், சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. நோயில்லை என்று தெரிந்தது. பிறகு பத்து நாள் ஒரு நோட்டில் குறித்தோம்: எப்போது கத்துகிறது, அப்போது வீட்டில் யார், எத்தனை மணி நேரம் தூங்கியது? பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் அதற்கு வேண்டும். எங்கள் கூடத்தில் இரவு பதினொன்று வரை தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது! கூண்டை உள்ளறைக்கு மாற்றினோம். விதையைக் கிண்ணத்தில் கொட்டாமல் காகிதச் சுருளில் மறைத்து வைத்தோம். சிறகு பிடுங்குவது நின்றது. காலைக் கத்தல் நிற்கவில்லை. விடுமுறை நாட்களில் மட்டும் அது கத்தவேயில்லை என்று நோட்டு சொல்லிற்று. ஒன்பது மணி நேரம் வெறும் வீடு. அதற்கு எங்களிடம் வேறு மருந்து இல்லை.

கேள்வி கேட்ட சகோதரிகளில் ஒருவர் வீட்டில் ஓய்வு பெற்ற தகப்பனார் நாள் முழுதும் பறவையோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் 'வேண்டாம்' என்றே சொல்வேன். பறவைக்கு அங்கே துணை இருக்கிறது.

வாங்குவதாயின் சில விஷயங்கள். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆயுள் முழுதும் இரண்டு கூண்டு வைக்க இடமும் மனமும் உண்டா? நன்றாக வளர்த்தால் காக்கடீல் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு இரண்டு வாரம் கடைப்பக்கமே போகவில்லை. ஆணும் பெண்ணுமாக வைத்தால் முட்டைகள் வரும். பெண் பறவை ஆண் இல்லாமலும் முட்டையிடும். ஓயாமல் இட்டால் சுண்ணாம்புச் சத்து குறைந்து, முட்டை உள்ளே சிக்கி உயிருக்கே ஆபத்து. குஞ்சுப் பருவத்தில் ஆணும் பெண்ணைப் போலவே இருக்கும். முதல் முறை சிறகு உதிர்ந்து முளைத்த பிறகுதான் சாம்பல் நிற ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும். ஆகவே கடைக்காரர் வாக்கை நம்பவேண்டாம். காதல் பறவையைத் துணையாக விடாதீர்கள். உருவில் சிறிதானாலும் காக்கடீலின் கால்விரலைக் கடித்துக் குதறிவிடும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிலர் கண்ணாடி மாட்டச் சொல்வார்கள். அதிலுள்ள உருவத்தையே ஜோடியாக எண்ணி ஏங்கும். மணிக்கு மாட்டி மூன்றாம் நாள் கழற்றினேன்.

புதுப் பறவையை நேரே கூண்டில் விடுவதுதான் பெரிய தவறு. நாற்பது நாள் வேறு அறையில், வேறு கிண்ணத்தில் வைத்தோம். பழைய பறவையைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுவது, தொட்டபின் சோப்பால் கை கழுவுவது. கிளி இனங்களிலிருந்து மனிதருக்கும் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு; நுரையீரலைத் தாக்கும். வீட்டில் முதியோர் இருந்தால் இதில் சிக்கனமே கூடாது. பிறகு கூண்டுகளை எதிரெதிரே வைத்து, தினம் சிறிது நெருக்கி, கடைசியில் இரண்டையும் அறையில் பறக்கவிட்டோம். தீனிக் கிண்ணம் எப்போதும் இரண்டு.

வந்தவனும் ஆண், பெயர் குமரன். இருவரும் தோளோடு தோள் உரசி உட்காருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஓரடி தள்ளித்தான் உட்காருகிறார்கள். குமரன் நெருங்கினால் மணி அலகைத் திறந்து சீறும். ஆனால் ஒன்று கூவினால் மற்றொன்று பதில் கொடுக்கிறது. நாங்கள் கிளம்பியபின் கத்தல் ஐந்து நிமிஷம்தான் என்கிறார் மாடி வீட்டம்மாள். மணி இப்போதும் மாலையில் என் தோளுக்கு வருகிறது. தினமும் அரைமணி அதனோடு தனியாக இருப்பதை நான் விடவில்லை. இரவில் கூண்டுகள் தனித்தனி. தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒன்று மிரண்டால் மற்றதும் மிரண்டு இருட்டில் மோதிக்கொள்ளும் என்பதால் சிறு விளக்கொன்று எரிகிறது.

சென்ற மாதம் குமரனும் "மணீ, சாப்பிட்டியா?" என்றான். மாமியாரை அவன் பார்த்ததே இல்லை. என் கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டாச்சு" என்றார்.