மலை இறக்கத்தில் டிரெய்லரும் பிரேக்கும்



1996-ஆம் ஆண்டு, கரடியூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து காப்பிக்கொட்டை ஏற்றி வந்த என் டிராக்டர் டிரெய்லர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடியது. டிரைவர் மலைப் பக்க மேட்டில் மோதி நிறுத்தியதால் உயிர் தப்பினார். தவறு என்னுடையது. "ஒரே நடையில் முடித்துவிடு" என்று கூடுதலாகப் பத்து மூட்டை ஏற்றச் சொன்னவன் நானே. அன்று கற்ற பாடத்தை நம் உறுப்பினர்களுக்குச் சொல்வது என் கடமை.

முதலில் காரணத்தை அறிவோம். ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 4 டன் எடையுள்ள வண்டியை முழுதும் பிரேக்கிலேயே இறக்கினால், சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு பிறக்கும். அத்தனையும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். லைனிங் காய்ந்துவிட்டால் மிதி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் மிதி பஞ்சு போல் உள்ளே போய்விடும். பழைய ஆயில் ஈரம் இழுத்திருக்கும். அது சீக்கிரம் கொதிக்கும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் ஆபத்து இரட்டிப்பு. முன்வண்டி நிற்கப் பார்க்கும், பின்பாரம் தள்ளும். வளைவில் இரண்டும் மடங்கிக்கொள்ளும்.

தடுக்கும் வழிகள்:

1. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே கியரை மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது கூடவே கூடாது.

2. பிரேக்கில் கால் வைத்தபடியே வரக்கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும்.

3. டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஒன்றாகப் பூட்டியே ஓட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துச் சாயும்.

4. புறப்படுமுன் கொக்கிப் பின், சங்கிலி, டயர், பிரேக் ஆயில் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு வண்டியில் இருக்க வேண்டும்.

5. தீய்ந்த வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும்.

பிரேக் போய்விட்டால் பதறாமல் மிதியை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, விளக்கும் ஹாரனும் போட்டு, மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் எக்காரணம் கொண்டும் திருப்பலாகாது.

கடைசியாக நமக்கு ஒரு கணக்கு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகை பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். பத்து மூட்டைக்கு இன்னொரு நடை வாடகை அதைவிட மலிவு. டிரைவரின் உயிருக்கோ விலையே இல்லை. "சீக்கிரம் வா" என்று சொல்வதை விட்டு, "பத்திரமாக வா" என்று சொல்லி அனுப்புவோம். பதறிய காரியம் சிதறும்.