சான்றிதழ் ஆன்டெனாவுக்கு, அறைக்கு?

எங்கள் எல்.இ.டி. டிரைவர் ஓர் ஆய்வகத்தில் தேறியது. இன்னொன்றில் கதிர்வீச்சு முதலாவதைவிட 5 டெசிபல் கூடுதல் என்று தோற்றது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் அளவுத்திருத்தச் சான்றிதழ் உண்டு. யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம், பதறாதீர்கள். அந்தச் சான்றிதழ் ஆன்டெனாவுக்கு மட்டும். அறையின் சுவரும் தரையும் திருப்பியடிக்கும் அலை, நேராக வரும் அலையோடு சேர்ந்து அளவைக் கூட்டும், சில இடங்களில் குறைக்கும். எனவே தளச் சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சரிபார்ப்பில் ஓர் ஆன்டெனா அலையை அனுப்ப, மற்றொன்று 1 முதல் 4 மீட்டர் உயரம்வரை நகர்ந்து வாங்கும். 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை இடையில் அலைக்கு ஏற்படும் இழப்பு, கணக்கிட்ட மதிப்பிலிருந்து ±4 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது சிஸ்பிஆர் 16-1-4 தரநிலை. ஒரு தளம் +3, இன்னொன்று −3 என்றாலும் இரண்டும் தேறியவையே! உங்கள் 5 டெசிபல் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். தோற்ற அதிர்வெண்ணில் இரு அறிக்கைகளும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். மின்கேபிளை இரண்டு இடத்திலும் ஒரேபோல் கிடத்தினார்களா என்பதையும் விசாரியுங்கள்.