நட்சத்திரங்கள் இறக்கப்பட்ட பின்பு

வேதபகுதி: லூக்கா 2:20–38, மத்தேயு 2:12–18

ஜனவரி 6ஆம் நாள் பிரசன்னத் திருநாளோடு கிறிஸ்துமஸ் காலம் நிறைவடைகிறது. வாசல்களில் தொங்கிய நட்சத்திரங்கள் இறக்கப்படுகின்றன. அந்தமானின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில், பண்டிகைக்கு வந்தவர்கள் தத்தம் தீவுகளுக்குத் திரும்பக் கப்பலை எதிர்நோக்கி நிற்கும் காலமும் இதுவே. பண்டிகை முடிந்தது, அது தந்த சந்தோஷமும் முடிந்துவிட்டதா? இத்தீவுகளின் திருச்சபை இக்கேள்வியைக் கண்ணீரோடு சந்தித்திருக்கிறது.

மறுநாள் காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் கழிந்து ஓர் இரவே ஆகியிருந்தது. காலை ஆறரை மணியளவில் சுமத்திரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சில நிமிடங்களில் ஆழிப்பேரலை, விசுவாசிகள் நிறைந்த கார் நிக்கோபார் தீவின் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. ஆலயங்களும் தப்பவில்லை. அன்றே தமிழகக் கரையிலும், வேளாங்கண்ணியில் கூடியிருந்த யாத்திரிகர் நடுவிலும் ஓலம் எழுந்தது. நிக்கோபாரில் உயிர் தப்பியவர்களில் பலர், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயரின் நிவாரண முகாம்களை வந்தடைந்தனர்.

வேதம் மறைக்காத கண்ணீர்

கிறிஸ்து பிறப்பின் வரலாறு பாடலோடு நின்றுவிடுவதில்லை. ஏரோதின் வாளுக்குப் பெத்லகேமின் பாலகர் இரையாயினர். அவர்கள் ஏன் மடிந்தனர் என்பதற்கு மத்தேயு விளக்கம் கூறவில்லை. ராகேலின் புலம்பலை நினைவூட்டுகிறார். ஆறுதலடைய மறுக்கும் அந்தத் தாயை அவர் கண்டிக்கவும் இல்லை. ஆனால் அவர் எடுத்தாளும் எரேமியா 31:15ஐ அடுத்துவரும் இரு வசனங்களில், பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையைத் தேவன் அருளுகிறார். புலம்பலும் வாக்குத்தத்தமும் ஒரே அதிகாரத்தில், அடுத்தடுத்து நிற்கின்றன. இரட்சகரோ அந்நாட்களில் எகிப்தில் அடைக்கலம் தேடிய ஏழைக் குழந்தை. வீடிழந்தோரின் துயரத்தை அவர் தூரத்திலிருந்து பார்த்தவரல்லர்.

சந்தோஷத்தைச் சுமந்து சென்றவர்கள்

மேய்ப்பர் தேவனை மகிமைப்படுத்திக்கொண்டே பழைய மந்தைக்குத் திரும்பினர். சாஸ்திரிகள் வேறு வழியாய்த் தங்கள் தேசம் சென்றனர். சிமியோன் பாலகனைக் கையில் ஏந்திக் களிகூர்ந்தார். அதே வாயினால் மரியாளின் ஆத்துமாவை உருவப்போகும் பட்டயத்தைப் பற்றியும் சொன்னார். நெடுங்காலம் விதவையாய் வாழ்ந்த அன்னாள், மீட்புக்குக் காத்திருந்தவர்களிடம் அவரைக் குறித்துப் பேசினாள். இவர்களில் எவருடைய சூழ்நிலையும் மாறவில்லை. காத்திருந்தது வீணன்று என்று அறிந்ததே அவர்களது சந்தோஷம்.

தீவுகளின் சாட்சி

கார் நிக்கோபாரில் இந்நம்பிக்கையை விதைத்தவர்களுள் ஒருவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய தமிழர் வேதப்பன் சாலமன். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆதிக்கத்தில் அத்தீவினர் பலர் கொல்லப்பட்டனர். அவரும் கொடிய துன்பம் அனுபவித்தார். ஆயினும் போருக்குப் பின் திருச்சபை அங்கு பெருகியது. 1950இல் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

2004க்குப் பின்னும் அவ்வாறே. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பங்கள் தம் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டன. தகரக் கொட்டகைகளில் ஆண்டுகள் கழிந்தபோதும் ஜெபம் ஓயவில்லை. நம்பிக்கை என்பது இழந்ததை மறப்பதன்று. இழந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது.

ஆகவே நட்சத்திரத்தை இறக்கும் வேளையில், இக்கிறிஸ்துமஸில் வெறுமையான ஓர் இருக்கையோடு உணவருந்திய இல்லத்தை நினைவுகூருவது நலம். கொண்டாட்டம் ஓய்ந்தபின் அவ்வில்லத்திற்குச் செல்லும் ஒருவரின் காலடியோசையிலும் நற்செய்தி கேட்கும்.

சிந்திக்க:

1. சிமியோனின் வார்த்தைகளில் களிப்பும் எச்சரிப்பும் இணைந்திருப்பது எதை உணர்த்துகிறது?
2. எரேமியா 31:15–17ஐ முழுமையாக வாசிக்கும்போது ராகேலின் கண்ணீர் எவ்வாறு புலப்படுகிறது?
3. இவ்வாரம் எந்த இல்லத்தின் கதவைத் தட்ட வேண்டும்?